நம் பிள்ளைகளுக்கு ஓராண்டு கொடுங்கள்!

(இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்து கொண்ட மாவட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இடம் கருதிச் சில பகுதிகள் சுருக்கப்பட்டுள்ளன.)

ஏக இறைவனின் திருப்பெயரால்...

 

மருத்துவம், விஞ்ஞானம் என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் எங்களைப் போன்ற பேச்சாளர்கள் என்ன செய்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். இப்னு சீனாவில் தொடங்குவோம். ஸஹ்ராவீ அறுவைக் கருவிகளைப் படம் வரைந்து வைத்ததைச் சொல்வோம். இதயத்தின் வலப்புறத்து இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்புறம் வருகிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே இப்னு நஃபீஸ் எழுதிவிட்டார் என்போம். நீங்கள் தக்பீர் முழங்குவீர்கள். கூட்டம் முடியும். இருபது வருடங்களாக இதைச் செய்து பார்த்துவிட்டேன். அத்தனையும் உண்மைதான். ஆனால் அந்தத் தக்பீர் சத்தத்தில் ஒரு பிள்ளையாவது ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததா? எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே இன்று பாட்டனார் பெருமை வேண்டாம். பேரப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வருடங்களுக்கு முன் ஒரு மாலை, அஸருக்குப் பிறகு ஒரு வாப்பா தன் மகனை அழைத்துக் கொண்டு பள்ளிக்கு வந்தார். பையன் பயோடெக்னாலஜியில் எம்.எஸ்ஸி. முடித்தவன். கையில் ஒரு கடிதம். பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ப்ராஜக்ட் அசிஸ்டெண்டாகத் தேர்வாகியிருந்தான். ஒரு வருட வேலை, மாதம் பதினாறாயிரம் சம்பளம். அதே வாரம் ஷார்ஜாவிலிருந்து மாமா விசா அனுப்பியிருந்தார். "ஹஜ்ரத், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்றார் வாப்பா. நான் கடிதத்தில் சம்பளத்தை மட்டும் பார்த்தேன். அந்த ஒரு வருடம் எதற்கான வாசல் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "குடும்பக் கஷ்டத்தைப் பாருங்க தம்பி, விசாவை விடாதீங்க" என்றேன். பையன் ஒன்றும் பேசவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டான்.

சென்ற ரமலானில் ஊருக்கு வந்திருந்தான். ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறான். ஹலாலான உழைப்பு, குடும்பம் தலை நிமிர்ந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். போகும்போது சிரித்துக் கொண்டே சொன்னான்: "என்னோட அன்னிக்குச் செலக்ட் ஆன பையன் இப்ப பிஎச்.டி. முடிச்சு ஜெர்மனியில இருக்கான் ஹஜ்ரத்." என்னைக் குற்றம் சாட்டிச் சொன்னதல்ல. ஆனால் அன்றிரவு தராவீஹில் என் மனம் ஓதலில் நிற்கவில்லை. நம் மஹல்லாக்களில் எத்தனை சட்டைப் பைகளில் இப்படி மடித்து வைத்த கடிதங்கள் இருக்கின்றன? எத்தனை ஹஜ்ரத்துமார்கள், எத்தனை ஜமாஅத் தலைவர்கள் விவரம் புரியாமலே முடிவு சொல்லியிருக்கிறோம்?

டாக்டர் என்றால் நமக்கு ஒரே அர்த்தம்தான். ஊசி போடுபவர், மருந்துச் சீட்டு எழுதுபவர். நீட் தேர்வில் இடம் கிடைக்காவிட்டால் பிள்ளை பயோகெமிஸ்ட்ரியோ மைக்ரோபயாலஜியோ சேர்கிறது. அன்றிலிருந்து வீட்டில் அது தோற்ற பிள்ளை. ஆனால் அந்த மருந்துச் சீட்டில் எழுதப்படும் மருந்தைக் கண்டுபிடித்தவர் யார்? எத்தனை மாதம் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் யார்? அவர் வேறொரு டாக்டர். ஐந்து வருடம் ஒரே கேள்வியை வைத்துக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தவர்.

உதாரணத்துக்குத் தொலைதூரம் போக வேண்டாம், சென்னை சேத்துப்பட்டுக்குப் போவோம். 1956இல் அங்கே காசநோய்க்கான சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளி என்றால் மாதக் கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல ஆகாரம் வேண்டும், ஓய்வு வேண்டும் என்று உலகம் நம்பியிருந்த காலம். நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், இன்னொரு பகுதியினரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு உலகத்தின் காசநோய் சிகிச்சை முறையையே மாற்றியது. ஏழையின் குடிசைக்குப் போய்க் கேட்கப்பட்ட ஒரு கேள்வி அது.

கேள்வி கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கேள்வியும் மாறும் சகோதரர்களே! வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிட்டே நிலத்தடி நீரைக் கெடுத்துக் கொண்டோம். அந்தத் தண்ணீர் நம் உடம்பில் என்ன செய்கிறது என்று ஆயுள் முழுக்கத் தேட அந்த ஊர்ப் பிள்ளையைவிட யாருக்கு அக்கறை இருக்கும்? மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கிறோம். அதனால் சில பரம்பரை நோய்கள் கூடுகின்றன என்று வெளியாள் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. நம் வீட்டுப் பிள்ளை படித்து வந்து, உட்கார்ந்து, பக்குவமாக எடுத்துச் சொன்னால்? போலியோ சொட்டு மருந்து நினைவிருக்கிறதல்லவா? வடக்கே நம் மக்கள் அதைச் சந்தேகித்தார்கள். குழந்தைகள் முடமாயின. ஆலிம்களும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா போன்ற நம் கல்வி நிலையங்களும் இறங்கி வந்து பேசிய பிறகுதான் கதவுகள் திறந்தன. 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததோடு நாட்டில் அந்த நோய் நின்றது. 2014இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. தடுப்பூசியைப் பற்றிப் பேச நம்மில் அப்போது நூறு விஞ்ஞானிகள் இருந்திருந்தால் இத்தனை தாமதம் ஆகியிருக்குமா?

சச்சார் கமிட்டி 2006இல் கொடுத்த கணக்கைப் பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். 20 வயதைத் தாண்டிய முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. அதில் யாரும் கவனிக்காத இன்னொரு வரி உண்டு. நாட்டின் தலைசிறந்த கல்லூரிகளில் இளநிலை மாணவர்கள் 25 பேரில் ஒருவர் முஸ்லிம். முதுநிலையிலோ 50 பேரில் ஒருவர். படி ஏற ஏற நாம் உதிர்ந்து கொண்டே போகிறோம். தென்னகத்தில் நிலைமை வடக்கைவிட மேல் என்பது சரிதான். அதில் திருப்தி அடைந்து படுத்துவிடலாமா?

எங்கே உதிர்கிறோம் என்று நான்கைந்து கல்லூரிப் பேராசிரியர்களிடம் உட்கார்ந்து கேட்டேன். எல்லாரும் ஒரே இடத்தைத்தான் காட்டினார்கள். எம்.எஸ்ஸி. முடிந்த நாளுக்கும் பிஎச்.டி. சேரும் நாளுக்கும் நடுவில் ஒன்றிரண்டு வருடங்கள் இருக்கின்றன. பணக்கார வீட்டுப் பிள்ளை அந்த நாட்களில் சம்பளமில்லாமல் ஆய்வுக்கூடத்தில் நின்று கை பழகுகிறது, தேர்வுக்குத் தயாராகிறது. நம் பிள்ளைக்கு அந்த நாட்களில் ஆணாக இருந்தால் விசா வருகிறது, பெண்ணாக இருந்தால் மாப்பிள்ளை வருகிறது.

இந்தப் பள்ளத்துக்கு அமெரிக்காவில் பாலம் போட்டார்கள். கறுப்பின மக்களின் பிள்ளைகள் அங்கே விஞ்ஞானத்தில் நம்மைப் போலவே உதிர்ந்து கொண்டிருந்தார்கள். ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி என்று ஒரு கணிதப் பேராசிரியர். 1963இல் பர்மிங்ஹாம் நகரில் சிறுவர்கள் நடத்திய உரிமைப் பேரணியில் கலந்து கொண்டு, 12 வயதில் ஐந்து நாள் சிறையில் இருந்தவர். போராட்டக் களத்திலிருந்து வகுப்பறைக்குப் போனவர். 1988இல் அவர் மேரிலாண்ட் மாநிலத்தின் பால்டிமோர் கவுண்டிப் பல்கலைக்கழகத்தில் ஒரு திட்டம் தொடங்கினார். பணம் கொடுத்தது யார்? அரசாங்கமா? இல்லை. ராபர்ட் மேயர்ஹாஃப் என்ற கட்டுமானத் தொழிலதிபரும் அவர் மனைவியும். வணிகப் பெருமக்கள் இதைக் குறித்துக் கொள்ள வேண்டும்! முதல் அணியில் 19 மாணவர்கள். பிறகு பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். பின்னாளில் மற்ற இனத்தவருக்கும் வாசல் திறந்தது. கொரோனா காலத்தில் மாடர்னா தடுப்பூசியை உருவாக்கியதில் முன்னணியில் நின்ற கிஸ்மீகியா கார்பெட் என்ற கறுப்பினப் பெண் விஞ்ஞானி அந்தத் திட்டத்தில் படித்து 2008இல் பட்டம் பெற்றவர்தான்.

அவர்கள் பிள்ளைகளைத் தனித்தனியே படிக்க விடுவதில்லை. கூட்டமாக உட்கார்ந்து, ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தே படிக்க வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மதரஸாவில் நாங்கள் ஓதிய முறை இதுதானே! பகலில் உஸ்தாத் நடத்திய பாடத்தை இரவில் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் திருப்பிச் சொல்லும் தக்ரார்! நம்மிடம் இருந்ததை நாமே மறந்தோம்.

2000ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இன்னொரு திட்டம் கொண்டு வந்தது. பட்டம் முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு இன்னும் தயாராகாத, பின்தங்கிய சமூகத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்து ஒன்றிரண்டு வருடம் ஆய்வுக்கூடத்தில் வைத்துக் கொள்வது. பெரும்பகுதி நேரம் ஆய்வு வேலை, மீதி நேரம் பாடம், எழுத்து, தேர்வுப் பயிற்சி. எந்த இடத்தில் உதிர்கிறார்களோ அந்த இடத்திலேயே கை கொடுத்தார்கள். ஆனால் 2025இல் அங்கே ஆட்சி மாறியதும் இப்படிப்பட்ட திட்டங்கள் பலவற்றுக்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள்.

நமக்கு இது புதிய செய்தியா? 2009இல் சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்காக மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை வந்தது. முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, ஜைனர் என ஆறு சமூகத்துப் பிள்ளைகளும் பயன்பெற்றார்கள். 2022 டிசம்பரில் மக்களவையில் எழுந்து, வேறு உதவித் திட்டங்கள் இருக்கின்றன, ஆகவே இது வேண்டியதில்லை, 2022-23 முதல் நிறுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். அதை மீண்டும் கொடு என்று கேட்பது நம் உரிமை. அந்தக் குரலை விடமாட்டோம், வீதியிலும் கேட்போம், சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேட்க வைப்போம். ஆனால் அரசு கொடுக்கும் வரை பிள்ளையின் வயது நிற்குமா?

வணிகப் பெருமக்களே! உங்களுக்கு முன்னவர்கள் காத்திருக்கவில்லை. வாணியம்பாடியில் 1919இலேயே இஸ்லாமியா கல்லூரி எழுந்தது. 1951இல் திருச்சியில் ஜமால் முகமது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் வணிகத்தில் சேர்த்ததைக் கல்லூரியாக்கினார்கள். அதே ஆண்டு சென்னையில் புதுக்கல்லூரி. அவர்கள் பட்டம் வரைக்கும் படி கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்கு மேல் ஒரே ஒரு படி கட்டச் சொல்லித்தான் உங்களைக் கேட்கிறேன்.

கடைக்காரர்களிடம் கணக்காகவே பேசுகிறேன். ஒரு மாணவருக்கு மாதம் 12,000 ரூபாய். வருடத்துக்கு 1,44,000. பத்து மாணவர்களுக்கு 14,40,000. பெரிய தொகையாகத் தெரிகிறதா? 120 கடைகள் மாதம் ஆயிரம் ரூபாய் போட்டால் தீர்ந்தது. நம் ஊர்க் கடைத்தெரு ஒன்றில் 120 கடைகள் இல்லையா? வலீமா விருந்து ஒன்றில் இலையில் மிஞ்சிக் குப்பைக்குப் போகும் கறியின் விலையைக் கேட்டுப் பாருங்கள்.

வரவையும் சொல்கிறேன். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் கிடைத்தால் 2023 ஜனவரியில் உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அடுத்த மூன்று வருடம் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஐந்து வருடத்துக்குக் கூட்டினால் 24 லட்சம். ஒன்றரை லட்சத்துக்கும் குறைவாக முதல் போட்டு ஒரு பிள்ளையை அந்த வாசலில் நிறுத்துகிறோம். பத்துப் பேரில் நான்கு பேர் தேறினாலும் நட்டமா சொல்லுங்கள்! தேறாதவரும் ஒரு வருட ஆய்வுக்கூட அனுபவத்தோடு மருந்துக் கம்பெனிக்கோ பரிசோதனைக் கூடத்துக்கோ போவார்.

ஜகாத் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். ஏழை மாணவராக இருந்தால் கொடுக்கலாம், அவர் கையில் கொடுத்து அவருக்கே உரிமையாக்கிவிடுங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஜகாத் சேராது. அவருக்கு அழகிய கடன் கொடுங்கள், ஜேஆர்எஃப் வந்ததும் வட்டியில்லாமல் திருப்பித் தரட்டும். அது அடுத்த பிள்ளைக்குப் போகும்.

இனி இளைஞர்களே, உங்களிடம் பேசுகிறேன். இந்த ஓராண்டு சும்மா கிடைக்கும் ஆண்டல்ல. உயிர் அறிவியல் வினாத்தாள் மூன்று பகுதி, மொத்தம் 200 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 100 மதிப்பெண், மூன்றாம் பகுதிக்கு. ஒரு பரிசோதனையைக் கொடுத்து, இந்த முடிவு வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். தப்பான விடைக்கு மதிப்பெண் குறையும். குர்ஆனை மனனம் செய்வது நம் பெருமை, ஆனால் பாடநூலை மனனம் செய்தவர் இந்தப் பகுதியில் கரை சேரமாட்டார். கையால் செய்து பார்த்தவருக்குத்தான் விளங்கும். ஆகவே பகலில் ஆய்வுக்கூடம். பிப்பெட் பிடிப்பது, செல் வளர்ப்பது, டி.என்.ஏ.வைப் பெருக்குவது, செய்ததை அன்றன்றே தேதி போட்டு நோட்டில் எழுதுவது. தோற்ற பரிசோதனையையும் எழுத வேண்டும். மறைத்தால் அது பொய். மாலையில் தக்ரார். வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, எழுதியவர் எங்கே சறுக்கியிருக்கிறார் என்று விவாதிக்க வேண்டும். கொஞ்சம் புள்ளியியல், கொஞ்சம் கம்ப்யூட்டர். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் சொந்தமாக எழுதும் பழக்கம்.

படித்துக் கொண்டிருப்பவர்கள் இப்போதே செய்ய வேண்டியதும் உண்டு. விஞ்ஞான அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள், உதவித்தொகையும் உண்டு. எம்.எஸ்ஸி.யில் பல்கலைக்கழக முதலிடம் வாங்கினால் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு வழி இருக்கிறது. கேட், ஜேஜீபில்ஸ் தேர்வுகளையும் விட்டுவிடாதீர்கள். ஒரே வாசலில் நின்று தட்டிக் கொண்டிருக்காதீர்கள்.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. இவர் ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வந்தார் என்று கல்லூரியில் கொடுக்கும் தாள் எதற்கும் உதவாது. ஓர் உஸ்தாத் இஜாஸத் கொடுக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? என் முன் ஓதினான், திருத்தினேன், திருந்தினான், இனி இவன் சொல்லிக் கொடுக்கலாம் என்று தன் பெயரைப் பிணையாக வைக்கிறார். ஆய்வுக்கூடத்துப் பேராசிரியரின் கடிதமும் அப்படித்தான். அவர் கண்முன் வேலை செய்யாமல் அதை வாங்க முடியாது.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுவதைப் பார்த்து நொந்து போயிருக்கிறேன். 2007இல் தமிழக அரசு கொடுத்த 3.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கான பி.சி. முஸ்லிம் சான்றிதழ் மாநில அரசுக்கு மட்டும்தான். மத்திய அரசுத் தேர்வில் அது செல்லாது. ராவுத்தர், மரைக்காயர் உட்பட லப்பை சமூகத்தவர் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறார்கள். அதற்கென்று தனிப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வராதவர் என்ற குறிப்போடு தாசில்தார் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். 2017 முதல் வருமான வரம்பு 8 லட்சம், வியாபார வருமானம் அதில் சேரும். வயது வரம்புச் சலுகை இந்தத் தாளில்தான் இருக்கிறது. விண்ணப்பத்தின் கடைசி நாளில் தாலுகா ஆபீசுக்கு ஓடாதீர்கள்.

சகோதரிகளைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் இந்தப் பேச்சு பாதிப் பேச்சு. நம் பெண்கள் கல்லூரிகளில் விலங்கியல், மைக்ரோபயாலஜி வகுப்புகளைப் போய்ப் பாருங்கள். தங்கப் பதக்கங்கள் யாரிடம் இருக்கின்றன என்று தெரியும். மூன்றாம் மாதம் அந்தப் பதக்கம் மாமியார் வீட்டு ஷோகேஸில் இருக்கும். படிப்பை முடித்துத் திருமணம், அல்லது திருமணம் முடித்துப் படிப்பு. நிக்காஹ் மஜ்லிஸில் மஹர் பேசும்போதே இதையும் பேசி எழுதி வையுங்கள். வெளியூரில் தங்கத் தகுந்த விடுதி இருக்கிறதா என்று பார்ப்பது வாப்பாவின் கடமை. விடுதி இல்லையே என்று நிறுத்திவிடுவது கடமை அல்ல. நான்கைந்து பேரைச் சேர்த்து அனுப்புங்கள், வீடு எடுத்துக் கொடுப்போம்.

ஒரு தம்பி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் எத்தனாலைத் தொட வேண்டியிருக்கிறதே, கூடுமா என்று. நல்ல கேள்வி, கேட்கத்தான் வேண்டும். எழுபது சதவீத எத்தனாலை அங்கே கிருமி நீக்கக் கையிலும் மேசையிலும் தெளிக்கிறார்கள், குடிப்பதற்கல்ல. தேவைக்காகப் பயன்படுத்த அனுமதித்த அறிஞர்கள் இருக்கிறார்கள். தொழுகைக்கு முன் கழுவிக் கொள்ளுங்கள். மேலும் மனம் உறுத்தினால் உங்கள் ஊர் ஆலிமிடம் போய்க் கேளுங்கள். ஆனால் தம்பி, படிக்காமல் இருக்கக் காரணம் தேடிக் கேட்காதீர்கள்.

நோய் எதுவானாலும் அதற்கு நிவாரணத்தையும் அல்லாஹ் இறக்கியிருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் நோயாளிக்கு ஆறுதலாக மட்டுமே சொல்லிக் கொண்டிருக்கிறோம். அதைத் தேடச் சொன்ன வேலையாகவும் எடுத்துக் கொண்டால் என்ன?

முதல் அணிக்குப் பத்துப் பேர் என்று மாவட்ட நிர்வாகிகளும் வணிகர் அணியும் பேசி முடித்திருக்கிறோம். மூன்று பேராசிரியர்கள் தேர்வு செய்வார்கள். நானோ நிர்வாகிகளோ அந்த அறைக்குள் வரமாட்டோம், சிபாரிசுக்கு யாரும் வர வேண்டாம். பணம் கொடுக்கும் கடைகளின் பெயரும் செலவுக் கணக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்படும். எம்.எஸ்ஸி. முடித்தவர்களும் இறுதியாண்டில் இருப்பவர்களும் மதிப்பெண் சான்றிதழ் நகலோடு, என்ன நோயைப் பற்றி, என்ன கேள்வியைப் பற்றி ஆராய ஆசை என்று தன் கையால் எழுதிய ஒரு பக்கத்தோடு கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நேர்முகத்துக்கு வாப்பாவையும் உம்மாவையும் அழைத்து வர வேண்டும். ஓராண்டுக்கு விசாவோ கல்யாணமோ பேசமாட்டோம் என்று அவர்களிடம் கையெழுத்து வாங்கப் போகிறோம்.

ஷார்ஜாவில் இருக்கும் அந்தத் தம்பியிடம் போன வாரம் இதைப் போனில் சொன்னேன். முதல் மாணவருக்கான பன்னிரண்டு மாதப் பணத்தையும் தானே தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றும் சொன்னார்.